மூடாத பாத்திரம்

"குக்கர்ல வச்சா சீக்கிரம் வெந்துடுமேம்மா?" என்கிறாள் மகள். திறந்த பாத்திரத்தில் சிவப்பு பீன்ஸ் கொதிக்கிறது. செம்பனை எண்ணெயின் மணம் என்னை எழுபதுகளின் ஜெர்மனிக்கு, எர்லாங்கன் நகருக்கு இழுத்துப்போகிறது.

எனக்கு ஆறு வயது. காங்கோ சண்டையிலிருந்து தப்பி வந்த அடுத்த அறை மரி, நாங்கள் தங்கியிருந்த விடுதியின் பொதுச் சமையலறையில் இதே குழம்பை வைத்தாள். சீக்கிரம் வேகட்டுமே என்று அம்மா எங்கள் குக்கரைக் கொடுத்தாள்.

முதல் விசில் அலறியதும் மரி என்னைத் தரையில் தள்ளி, மேலே கவிழ்ந்து, வாயைப் பொத்தினாள். அவள் நெஞ்சு என் முதுகில் இடித்தது. நான் மூச்சுவிடவும் பயந்தேன். அம்மா அடுப்பை அணைத்தாள்.

"அசையாதடி, அவங்களே எழுந்திருக்கட்டும்" என்றாள் அம்மா.

வெகுநேரம் கழித்து எழுந்த மரி, மேசைக்கடியில் குனிந்து, அங்கே இல்லாத ஒரு குழந்தையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

"மெதுவாவே வேகட்டும்" என்கிறேன் மகளிடம்.