பனி விலகியது என்றொரு செய்தி

"அண்ணி, இங்க பாருங்க, பனி போயிடுச்சு. நான் கிளம்பட்டுமா?"

பேச்சு இப்படித்தான் தொடங்கியது. தையல் ஆலைக்கு வேன் ஓட்டத் தொடங்கிய முதல் வாரம் அது. வேன்காரி சமையலறை வாசலில் நின்று கைபேசியை நீட்டினாள். அண்ணனின் மனைவி ஈர முகத்தைத் துடைத்துக்கொண்டே வாங்கிப் பார்த்தாள். வானிலை அலுவலகத்தில் செயற்கைக்கோள் படம் பார்ப்பதுதான் அப்போது அவள் வேலை. கால் மணிக்கு ஒரு படம் வரும். ஆறே கால் வரை ஆற்றின் மேல் மஞ்சளாகப் படர்ந்திருந்த மூடுபனி, ஆறரை மணிப் படத்தில் துடைத்துவிட்டாற்போல் இல்லை.

"போகல. சூரியன் வந்துடுச்சு, அவ்வளவுதான்."

"சூரியன் வந்தா பனி போகாதா?"

"போகும். வந்த உடனே போகாது. இது ராத்திரிக்கான படம்மா. வெப்பத்த வச்சுப் பனியக் கண்டுபிடிக்குது. வெளிச்சம் பட்டா இதுக்குக் கண்ணு கூசிடும். பனி என்னவோ அங்கேயேதான் உக்காந்திருக்கும்."

"அப்ப எப்பத் தெரியும்?"

"வெயில் ஏறினதும் பகல் படத்துல வெள்ளையா வரும்."

"நடுவுல?"

"நடுவுல எங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

"நல்ல ஆபீஸ் போங்க! ஊரே வண்டிய எடுக்கிற நேரமாப் பாத்து நீங்க கண்ண மூடிக்குவீங்களா?"

வேன்காரி சிரித்தாள். அண்ணி சிரிக்கவில்லை. "உக்காரு. டீ குடிச்சுட்டுப் போகலாம்," என்றாள்.

ஏன் சிரிக்கவில்லை என்பதை அண்ணன்தான் பிறகு சொன்னான். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், இப்படியொரு படத்தைப் பார்த்துவிட்டு அண்ணி, பனி நேரத்தில் ஆற்றுப் பாலத்தை அடைத்து வைக்கும் சாவடிக்குத் தொலைபேசியில் "விலகிடுச்சு" என்று சொல்லியிருக்கிறாள். தடுப்பைத் தூக்கினார்கள். நடுப்பாலத்தில் ஒன்பது வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. மூன்று பேர் வீடு திரும்பவில்லை. படம் அப்படித்தான் காட்டியது என்று எழுதி விசாரணையை முடித்தார்கள். அண்ணிக்கு அது முடியவில்லை.

எட்டுக் குளிர்காலத்துப் படங்களை அவள் ஒவ்வொன்றாகத் தோண்டியெடுத்துப் பார்த்தாள். பனி பிடித்த நேரம், விட்ட நேரம், பக்கத்தில் சாவடிக்காரர் கண்ணால் பார்த்துச் சொன்ன நேரம். மூட்டம் ஓரத்திலிருந்துதான் தேய்கிறது என்று கண்டாள். கரையில் நிற்பவன் முதுகில் வெயில் அடிக்கும். ஆற்று நடுவில் நீட்டிய கை தெரியாது. விருந்தாளிகளோடு பேசிக்கொண்டிருக்கும்போதே கடிகாரத்தைப் பார்த்து "இன்னைக்கு நல்லாப் பிடிக்கும்" என்பாள். "வந்துட்டாங்கய்யா மூட்டம் மேடம்!" என்று அண்ணன் கேலி செய்வான். அவளும் கூடவே சிரிப்பாள். ஆனால் எங்கே போனாலும் அந்தப் பாலத்தைத் தவிர்த்து, ஊரைச் சுற்றித்தான் போவாள்.

இந்தக் குளிர்காலத்தில் அவளை அந்த மேசையிலிருந்து மாற்றிவிட்டார்கள். இனி கணினியே படத்தைப் படித்து, சாவடிக்கும் ஓட்டுநர்களுக்கும் செய்தி அனுப்புமாம்.

"சார், அது நான் பண்ணின அதே தப்பப் பண்ணும்," என்று மேலதிகாரியிடம் போய் நின்றாள்.

"ஒரு மாசமா ஒண்ணும் ஆகலையேம்மா."

"ஒரு மாசமாப் பனியே இல்ல சார்."

எழுதியும் கொடுத்தாள். பரிசீலிப்பதாகப் பதில் வந்தது. அதற்கு அடுத்த வாரம் பனி வந்தது.

அன்று வேன்காரி பதினான்கு பெண்களோடு சாவடியில் முதல் வண்டியாக நின்றிருந்தாள். ஆறு நாற்பதுக்குச் செய்தி வந்தது: பனி விலகியது. தடுப்பு உயர்ந்தது. பாலத்தின் தொடக்கத்தில் நல்ல வெயில். விளக்குக் கம்பங்கள் ஏழு தெரிந்தன. அதற்கப்பால் கம்பமும் இல்லை, பாலமும் இல்லை, வெறும் வெளிச்சம்.

"என்ன மகாராணி, பூத் தூவினாத்தான் போவீங்களோ?" என்று பின்னால் நின்ற மணல் லாரிக்காரன் கத்தினான்.

"எடுங்கக்கா. லேட்டாப் போனா சூப்பர்வைசர் வாசல்லயே நிக்க வச்சுடுவான்," என்றாள் வேனுக்குள் ஒருத்தி.

வேன்காரி அண்ணியை அழைத்தாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"எத்தன கம்பம் தெரியுது?"

"ஏழு."

"உனக்குப் பின்னாடி?"

"முப்பது வண்டியாவது இருக்கும். நான் ஓரமா ஒதுங்கிக்கிறேன் அண்ணி."

"நீ ஒதுங்கினா அவங்க போயிடுவாங்க."

இந்த வீட்டுக்கு வந்து பதினோரு வருஷத்தில் அண்ணி தன் நாத்தனாரிடம் ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கேட்டு வாங்கியதில்லை. அன்று கேட்டாள்.

"வேனப் பாலத்துக்குக் குறுக்க நிறுத்து. பொண்ணுங்க எல்லாரையும் கீழ இறக்கிவிட்டுடு. நீ மட்டும் இறங்காதம்மா, நீ இறங்கினா வண்டியத் தள்ளிட்டுப் போயிடுவாங்க."