காயம் தெரியாத கட்டிங் மாஸ்டர்

கட்டிங் மாஸ்டருக்குத் தன் அண்ணனைக் கண்டாலே வயிறு எரிந்தது. அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருடமாகிறது. வலது கை மடங்கியபடியே இருக்கும், வலது கால் தரையைத் தேய்த்துக்கொண்டு வரும். அப்படிப்பட்டவர்மேல் பொறாமைப்படுகிற ஜென்மமும் உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. அதே வீட்டின் மாடியில் குடியிருந்தது.

கீழே அண்ணனைத் தாங்கு தாங்கென்று தாங்கினார்கள். அவர் எழுந்தால் கூடவே இரண்டு பேர் எழுந்தார்கள். பஸ்ஸில் ஏறினால் இடம் கிடைத்தது. அவர் எரிந்து விழுந்தால், "பாவம், மூளையில ரத்தம் அடைச்ச மனுஷன்" என்று அண்ணி பூசி மெழுகினாள். மாஸ்டர் எரிந்து விழுந்தால் மட்டும் கொழுப்பு என்றார்கள்.

எட்டு மாதத்துக்கு முன் மாஸ்டர் பைக்கிலிருந்து விழுந்தார். ஹெல்மெட் போட்டிருந்ததால் ஒரு சொட்டு ரத்தம் வரவில்லை. அரை மணி நேரம் நினைவு தப்பியிருந்தது, மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதிலிருந்து பட்டறையில் தையல் மெஷின் சத்தம் மண்டைக்குள் இறங்கியது. பேசிக்கொண்டிருக்கும்போதே பேச்சு நழுவியது. "ஆளு கல்லு மாதிரி இருக்கீங்க, உங்களுக்கென்ன?" என்றார்கள். ஒரு சின்னத் தழும்பாவது மிஞ்சியிருக்கக் கூடாதா என்று கண்ணாடியில் தேடிப் பார்ப்பார்.

போன மாதம் தையல் பட்டறையில் மானம் போனது. எண்பது துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக, எல்லாம் நல்ல பக்கம் மேலே தெரிய விரித்திருந்தார். சட்டைக் கைக்கான அட்டையை ஒருமுறை வைத்துச் சாக்பீஸால் வரைந்தால், அடுத்த முறை அதைப் புரட்டி வைத்து வரைய வேண்டும். மாஸ்டர் புரட்ட மறந்துவிட்டார். நூற்று அறுபது கைகளும் இடது கைகளாகவே வந்து விழுந்தன. பதினேழு வருட சர்வீஸில் இப்படி நடந்ததில்லை.

"குடிக்கிறியா?" என்று முதலாளி கேட்டார். "இன்னொரு தடவை ஆச்சுன்னா இந்தக் கட்டிங் மேஜைக்கு வேற ஆளு."

தலையில் அடிபட்டதை மாஸ்டர் சொல்லவில்லை. மனைவியின் உத்தரவு அது. "மூளையில கோளாறுன்னு தெரிஞ்சா அப்புறம் ஒருத்தரும் உங்களைக் கத்தரி தொட விடமாட்டாங்க."

ஞாயிற்றுக்கிழமை காலையில் கையில் டேப்லெட்டோடு ஒரு பெண் வந்தாள். பெரியவர்களுக்கு மூளை, நரம்புத் தொல்லைகள் என்னென்ன இருக்கின்றன என்று வீடு வீடாகக் கணக்கெடுக்கிறாளாம். எல்லோரும் கீழ்வீட்டுக் கூடத்தில் கூடினார்கள். அண்ணன் தன் கதையை ஆதியோடந்தமாகச் சொல்லி, "இந்தத் தெருவுல இப்படி அவஸ்தைப்படறவன் நான் ஒருத்தன்தான்மா" என்று முடித்தார்.

"இல்ல சார். இது நான் பார்க்கிற இருபத்துமூணாவது வீடு. ஒன்பது வீட்டுல யாருக்காவது ஏதோ ஒண்ணு இருக்கு. பக்கவாதம், வலிப்பு, கை நடுக்கம், தலையில அடி. பாதிப் பேரைப் பார்த்தா ஒண்ணுமே தெரியாது."

அண்ணன் முகம் சுண்டிப்போனது. மாஸ்டருக்கோ எட்டு மாதத்தில் காதில் விழுந்த முதல் நல்ல செய்தி அதுதான்.

"உங்களுக்கு எதாவது, சார்?"

"அவருக்கு ஒண்ணுமில்ல" என்று மனைவி முந்திக்கொண்டாள். அந்தப் பெண்ணின் விரல் 'இல்லை' என்ற கட்டத்தை நோக்கி இறங்கியது. மாஸ்டருக்குப் பொறுக்கவில்லை.

"இருக்கு" என்றார். "தலையில அடி. நினைவு தப்பிடுச்சு."

மனைவி அவர் தொடையைக் கிள்ளினாள்.

"எந்தத் தேதி, சார்?"

தேதி அவர் நினைவுக்கு வரவில்லை. வாயைத் திறந்தபடி மனைவியைப் பார்த்தார். அவள் கிள்ளிய கையை எடுத்துக்கொண்டாள். பிறகு தேதி சொன்னாள், மணி சொன்னாள். அவர் ஒரே கேள்வியைக் காலையில் நாலு தடவை கேட்பதையும், அடுப்பைப் பற்றவைத்துவிட்டு வெளியே போய்விடுவதையும், குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுவதையும் சொன்னாள். இவ்வளவும் அவளுக்குத் தெரியும் என்று மாஸ்டருக்குத் தெரியாது.

"முதலாளிகிட்ட சொல்லிடலாங்க" என்றாள் கடைசியில். "மறைச்சு வச்சு இன்னொரு தப்பு நடந்தா மேஜை எப்படியும் போயிடும்."

"சொன்னா நம்புவாரா? சாக்கு சொல்றேன்னு நினைப்பாரு."

அதுவரை தரையையே பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் தொண்டையைச் செருமினார். "நாளைக்கு நானும் வரேன்டா. அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் தலையிலதான்னு சொல்றேன். என் கையைப் பார்த்தாவது உன்னை நம்பட்டும்."

மாஸ்டருக்கு உச்சி முதல் பாதம் வரை எரிந்தது. அடிபட்டது இவர் தலை. அதற்குச் சாட்சி சொல்லவும் அந்த மடங்கின கைதான் வர வேண்டியிருக்கிறது. அங்கேயும் அண்ணனுக்குத்தான் முதலில் நாற்காலி போடுவார்கள்.

"ஒன்பது மணிக்குத் தயாரா இருங்க" என்றார்.