தை மாதத்தில் மழைச் சத்தம்

எங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, கணக்குத் தேர்வென்றால் பயந்துபோய் வெறும் தாளைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவாள். பயத்தைத் திட்டி விரட்ட முடியாது என்று ஆசிரியரான எனக்குப் புரியவே பல வருடம் ஆகியிருந்தது. அந்தத் தை மாதத்தில் மூச்சுப் பயிற்சி வகுப்பை நானே தொடங்கினேன். எல்லோரையும் கண்ணை மூடச் சொல்லி, மனம் அடங்கட்டும் என்று செல்போனில் மழைச் சத்தம் போட்டேன். அவளுக்கு மூச்சு இன்னும் வேகமாக வாங்கியது.

“என்னம்மா?”

“சார், மழையை நிறுத்துங்க. எங்க வயல்ல இன்னும் அறுப்பு ஆகல. இப்பப் பேஞ்சா எல்லாம் சாஞ்சிடும்.”

பின்வரிசையில் ஒருவன் கத்தினான். “அறுப்பு மெஷின் சத்தம் போடுங்க சார், நிம்மதியாத் தூங்குவோம்!”

வகுப்பே சிரித்தது. எனக்கு என் மேலேயே ஆத்திரம். விளைந்த வயலை வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு மழையைப் போட்டுக் காட்டிய முட்டாள் நான். மறுநாள் வரும் வழியில் வயலோரம் நின்று மெஷின் சத்தத்தைப் பதிவு செய்தேன். அந்தக் கடகடப்பில் அவள் நான்கு எண்ணி மூச்சை இழுத்தாள், ஆறு எண்ணி விட்டாள். தூக்கியிருந்த தோள் இறங்கியது.

தினமும் பத்து நிமிடம், ஒரு மாதம் செய்தோம். திருப்புதல் தேர்வில் கணக்கன்று அவள் எழுந்து நின்று கூடுதல் தாள் கேட்டாள். ஓடிப்போய்க் கொடுத்தேன்.