ஒரு மணி நேரம் பிந்திய லண்டன்

என் தவற்றை, மகளைப் பறிகொடுத்த ஒரு தாயின் தலையில் போட்டேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம்தான் சொல்கிறேன்…

தொண்ணூறுகளில், கிள்ளானில் கப்பல் சரக்கு அனுப்பும் அலுவலகம் ஒன்றில் குமாஸ்தாவாக இருந்தேன். புதுக் கணினி வந்ததும், திரையின் அடிப்பட்டையில் கிள்ளான், லண்டன், நியூயார்க் என்று மூன்று கடிகாரங்களை ஓடவிட்டேன். எல்லாரும் வந்து வேடிக்கை பார்த்தார்கள். எனக்குத்தான் எவ்வளவு கர்வம்!

டெலிபோன் மேசையில் இருந்த சரஸ்வதி அக்காவின் ஒரே மகள் மாலதி லண்டனில் ஒரு மருத்துவமனையில் தாதி. அவளுக்கு இதய அறுவைச் சிகிச்சை. திங்கட்கிழமை அங்கே காலை எட்டு மணிக்குக் கூப்பிடச் சொல்லியிருந்தாள். எட்டரைக்கு உள்ளே கொண்டுபோய்விடுவார்களாம்.

ஞாயிறு முதல் பிரிட்டனில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுகிறார்கள் என்று வெள்ளிக்கிழமையே லண்டனிலிருந்து பேக்ஸ் வந்தது. படித்தேன். திரையில் இருந்ததை நான்தான் கையால் மாற்ற வேண்டும். அப்புறம் பார்க்கலாம் என்று தாளை ஓரமாக வைத்தேன். மறதியா? இல்லை… சோம்பல்.

திங்கட்கிழமை மாலை மூன்று மணிக்கு அக்கா கேட்டார்: "தம்பி, லண்டன்ல எட்டாச்சா?"

திரையைப் பார்த்தேன். "இல்லக்கா, ஏழுதான்லா. இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு."

நம்பிக் காத்திருந்தார். நான்கு மணிக்கு எண்ணைச் சுழற்றினார். மறுமுனையில் யாரோ பேசப் பேச, அவர் முகம் வெளிறியது.

"அங்க ஒம்பதாம்… உள்ள கொண்டு போயிட்டாங்களாம்! அரை மணி நேரம் போன் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தாளாம்!"

பேக்ஸ் நினைவுக்கு வந்தது. அவர் ரிசீவரை வைப்பதற்குள் என் விரல்கள் லண்டனை ஒன்பதாக்கிவிட்டன. யோசிக்கவே இல்லை! என் கைதானா அது?

"நீ ஏழுன்னுதானே சொன்னே, தம்பி?"

"எட்டுன்னுதான் சொன்னேன் அக்கா. நீங்கதான் சரியா கேக்கல. இதோ பாருங்க."

பார்த்தார். திரை ஒன்பது என்றது. என்னை நம்பினார், தன் காதை நம்பவில்லை.

மாலதி கண் விழிக்கவே இல்லை.

காரியம் முடிந்த பிறகு, உண்மையைச் சொல்லிவிடும் முடிவோடுதான் பிரிக்பீல்ட்ஸில் இருந்த அவர் வீட்டுக்குப் போனேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த முடிவோடுதான்! கூடம் நிறைய உறவினர்கள். அக்கா என் கையைப் பிடித்து அவர்களிடம் சொன்னார்: "மூணு மணிக்கே இந்தத் தம்பி சொன்னிச்சு. பாவி, என் காதுலதான் விழல."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையாட்டினேன்…

கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.