காந்தம் ஒட்டாத சைக்கிள்

வண்டி கடைப்படியை விட்டு இறங்கியதும் சைக்கிள் விற்பவனின் வேலை முடிந்தது என்று நினைப்பவர்களுக்குப் பயப்படத் தெரியாது.

முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இத்தனை பயத்துக்கும் காரணமான சம்பவத்தை நான் பார்க்கவில்லை. ஒருவர் சொல்ல இன்னொருவர் கேட்டு, அவர் வந்து என்னிடம் சொன்னது. பாளையங்கோட்டையில் ஒரு சைக்கிள் கடையில் ஒன்றரை வருடமாக வேலை பார்க்கிறேன். படித்தது மெக்கானிக்கல். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குள் போன முதல் ஆள் நான்தான். அதனால் மிக்சி ஓடாவிட்டாலும், அத்தையின் மருந்துச் சீட்டு புரியாவிட்டாலும் என்னிடம் வருவார்கள். நான் எதைச் சொன்னாலும் நம்புவார்கள். கடையிலும் அதே கதைதான். "நீங்க படிச்சவரு, ஸ்டீலா அலுமினியமா, நீங்களே சொல்லுங்க" என்பார்கள். கவுண்டருக்குப் பின்னால் நிற்கும் உங்களில் யாராவது இந்த வார்த்தையைக் கேட்டுப் பயந்திருந்தால், நாம் சொந்தக்காரர்கள்.

வேனில் வந்த சேதி

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம். உதிரிபாகம் கொண்டுவரும் வேன் ஓட்டுநர் மூக்காண்டி அண்ணாச்சி, அம்பாசமுத்திரம் டீக்கடையில் கேட்டதைச் சொன்னார். பாபநாசம் மலையிலிருந்து இறங்கும்போது ஒரு பையனின் கியர் சைக்கிள் கழுத்தோடு இரண்டாகிவிட்டதாம். ஹேண்டில் தனியாகக் கையோடு வந்துவிட்டது. காறை எலும்பும் முன்பல் இரண்டும் போயின. உயிர் தப்பியது.

"என்ன பிரேம், அண்ணாச்சி?"

"மலைக்குப் போறதெல்லாம் இப்ப அலுமினியம்தானல. வேற என்னவா இருக்கும்?"

ஸ்டீல் பெரும்பாலும் உடைவதற்கு முன் வளையும், முனகும். அலுமினியம் அவ்வளவு அவகாசம் தராது என்று படித்துப் பரீட்சை எழுதியவன் நான். அன்று காலையில்தான் ஜெயசீலி அக்காவுக்கு ஓர் அலுமினிய வண்டி விற்றிருந்தேன். கல்லூரி ஒன்றில் லேப் உதவியாளர். ஞாயிறு கோயிலுக்குப் போகவேண்டும் என்பதால், சனிக்கிழமைதோறும் அகஸ்தியர் அருவி வரை மிதித்து ஏறி, அதே வேகத்தில் இறங்குபவர். "எடை குறைவு, துருப்பிடிக்காது, தைரியமா வாங்குங்கக்கா" என்று சொன்னது இந்த வாய்தான். என் முகத்தைப் பார்க்காமலே மூக்காண்டி அண்ணாச்சி பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார்.

"அந்த வண்டிய வித்தவன் எவனோ தெரியல. அவன் அன்னிக்குச் சோறு தின்னுருப்பான்னு நெனைக்கியா?"

சனிக்கிழமை

அதன் பிறகு சனிக்கிழமை மதியம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. முதல் வாரம் போன் செய்து, சீட் உயரம் சரியாக இருக்கிறதா என்று கேட்டேன். இரண்டாம் வாரம் பெல் சத்தம் கேட்கிறதா என்றேன். மூன்றாம் வாரம் கேட்பதற்கு ஒன்றும் அகப்படவில்லை. "சும்மாதான்க்கா" என்றேன். மறுமுனையில் காற்றும் மூச்சிரைப்பும் கேட்டன. இறக்கத்தில் பாதி வழியில் நிறுத்தியிருக்கிறார்.

"ஒத்தக் கையால பிரேக்கப் புடிச்சுக்கிட்டுப் போன எடுக்கேன், தம்பி. எனக்கு ஏதாவது ஆச்சுன்னா அது உங்க போனாலதான் ஆகும்."

எல்லாருக்கும் ஸ்டீல்

பயத்தை மறைக்க எனக்குத் தெரிந்த வழி ஸ்டீல். மலைக்குப் போகிறவர், மார்க்கெட்டுக்குப் போகிறவர், எல்லாருக்கும் ஸ்டீலையே காட்டினேன். விடுதியில் மூன்றாம் மாடிக்கு வண்டியைத் தூக்க வேண்டிய மாணவிக்கும் அதே கனமான ஸ்டீல்தான். அலுமினியம் கேட்டவர்களிடம் அது உடையும் விதத்தை நான் விளக்கியதை முதலாளி ஒருநாள் கேட்டுவிட்டார். "மெக்கானிக்கல் படிச்சவன் வேணும்னேன். அந்திம ஜெபம் பண்ண ஆளு அனுப்பிருக்காங்க" என்று மட்டும் சொன்னார்.

உடன்குடிக் கருப்பட்டி வியாபாரி காதர் பாய் கேட்டது அலுமினியம்தான். நான்தான் மனதை மாற்றினேன். ஒரு வருடம் ஆவதற்குள் வண்டியைத் திரும்பக் கொண்டுவந்தார். கடல் காற்று அதன் வேலையைச் செய்திருந்தது. சீட் கம்பி பிரேமோடு ஒட்டி அசைய மறுத்தது. தலைகீழாகக் கவிழ்த்ததும் பெடல் அச்சுப் பக்கம் டீ நிறத்தில் தண்ணீர் வடிந்தது. திட்டுவார் என்று நின்றேன். அவர் கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டார்.

"உடையாதுன்னு சொன்னிய, உடையல. துருப்பிடிக்குமான்னு நான் கேக்கலையே. தப்பு எம்மேலதான், தம்பி."

ஸ்பீக்கர் காந்தம்

ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஓய்வு பெற்ற ஒருவர் வந்தார். நான் பேச வாய் திறக்கும்முன் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்தார். வரிசையாக எல்லா பிரேமிலும் வைத்துப் பார்த்தார். ஸ்டீல் என்றால் ஒட்டும், அலுமினியம் என்றால் ஒட்டாது. ஸ்டிக்கர், விலைச்சீட்டு எதையும் படிக்கவில்லை. ஒட்டிய வண்டிகளில் ஒன்றை வாங்கிக்கொண்டு போனார். காந்தம் கவுண்டரிலேயே கிடந்தது. போன் செய்து சொன்னேன்.

"பழைய ஸ்பீக்கர்ல கழட்டினது வே, வீட்டுல இன்னும் நாலு கெடக்கு. நீரே வச்சுக்கிடும், யார்ட்டயும் கேக்காம ஒட்டிப் பாரும்."

பென்சில் கோடு

சர்வீசுக்கு வந்த ஜெயசீலி அக்காவின் வண்டியைத் துடைக்கும்போது கழுத்துக்குக் கீழே ஒரு கோடு தெரிந்தது. முடி கனம்தான். விரிசலேதான் என்று நினைத்தேன். முதலாளி நகத்தால் வருடிப் பார்த்துவிட்டு, பெயின்ட் என்றார். சுரண்டிப் பார்க்கலாம் என்றால் கம்பெனி வாரன்ட்டி போய்விடும். கோட்டின் இரண்டு முனையிலும் பென்சிலால் குறி வைத்தேன். ஒரு மாதம் ஊருக்குள் மட்டும் ஓட்டுங்கள், திங்கட்கிழமைதோறும் கொண்டுவந்து காட்டுங்கள், கோடு குறியைத் தாண்டினால் வேறு பிரேம் கேட்போம் என்றேன்.

அக்காவுக்குக் கோபம். ஆனாலும் வந்தார். லேபிலிருந்து உருப்பெருக்கிக் கண்ணாடியையும் கேட்டு வாங்கி வந்தார். இருவரும் மாறி மாறிக் குனிந்து பார்ப்போம். நான்காவது திங்களன்று கண்ணாடியை உறையில் போட்டு மூடினார்.

"கோடு வளரல. உங்களுக்குத்தான் கண்ணு உள்ள போயிருக்கு. வர்ற சனிக்கிழம நான் மலைக்குப் போறேன், போன் போடாதிய."

ஓட்டை ஒன்றுதான்

ஸ்ரீவைகுண்டத்து வாழை விவசாயி ஒருவர், முதலாளி கையால் அலுமினிய வண்டி வாங்கிப் போயிருந்தார். அதில் வாழைத்தார் கட்ட ஒரு கொக்கி வேண்டுமென்று ஊர் வெல்டரிடம் கொடுத்திருக்கிறார். வெல்டரும் ஸ்டீலுக்குப் பத்தவைப்பதுபோல் பத்தவைக்க, கொக்கி ஒட்டவில்லை. பிரேமில் எட்டணாக் காசு அகலத்துக்கு ஓட்டை விழுந்துவிட்டது. புட்டிப் பசை வைத்து அடைத்துத் தரச் சொன்னார். இந்த பிரேமில் இனி ஏறக்கூடாது என்று கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னேன். அவருக்கு வெல்டரை விட்டுக்கொடுக்க மனமில்லை.

"நல்ல வேலைக்காரரு, தம்பி. போன வருசம் மலைக்குப் போற பையன் ஒருத்தனுக்குக் கழுத்துலயே பத்தவச்சுக் குடுத்தாருல்லா."

"அந்த வண்டி இப்ப எங்க?"

"அங்கனதான் கெடக்கு, ரெண்டா."

ஸ்ரீவைகுண்டம் பஸ்

மறுநாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். சட்டைப் பையில் காந்தம். வெல்டர் எதையும் மறைக்கவில்லை. கழுத்தில் விரிசலோடு வந்த வண்டி. ஊருக்குள் ஓட்டுவான் என்று நினைத்துப் பத்தவைத்துக் கொடுத்திருக்கிறார். பையன் பாபநாசம் மலைக்குக் கொண்டுபோய்விட்டான். காறை எலும்பு, முன்பல் இரண்டு. அவனுடைய அப்பா உடைந்த பிரேமைக் கொண்டுவந்து வெல்டரின் காலடியில் எறிந்துவிட்டுப் போனாராம். அதைத் தூக்கிப்போட மனம் வராமல் சுவரோரம் சாத்தி வைத்திருந்தார். பத்தவைத்த இடத்தின் விளிம்பில் உடைந்திருந்தது. நான் குனிந்து காந்தத்தை வைத்தேன்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து ஜெயசீலி அக்காவுக்குப் போன் செய்தேன். அன்று சனிக்கிழமை இல்லை என்பதை முதலில் சொல்லிவிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன்.

"அப்போ இத்தன நாளா ஸ்டீல் வாங்கிட்டுப் போனவங்களுக்கெல்லாம், எந்தக் கிழம போன் போடுவிய, தம்பி?"

ஒன்றரை வருடம் ஊரையே பயமுறுத்திய பிறகு நான் கையால் சரிபார்த்த உண்மை ஒன்றே ஒன்று: மலையில் உடைந்த அந்த பிரேமில் காந்தம் ஒட்டியது.