பீக்கன் நிழலில் போட்ட கூடாரம்

எங்கள் வீட்டுக்குத் துப்பாக்கி வந்த அன்று நான் கணவரோடு பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. ஹூஸ்டன் பக்கத்துப் பேர்லேண்டில் எங்கள் தெருவில் பல வீடுகளில் துப்பாக்கி இருக்கும் என்பது தெரிந்ததுதான். ஆனால் சாமி அலமாரிக்குப் பக்கத்து அறையில் ஒன்று வந்து படுத்துக்கொள்ளும் என்று நான் நினைத்ததே இல்லை.

மூன்றாம் நாள் அவரே பேச்சைத் தொடங்கினார். "இது அந்த மாதிரி துப்பாக்கி இல்லம்மா. அந்தக் காலத்து மாடல். குழல் வாய்ல மருந்தக் கொட்டி, குண்டப் போட்டு, குச்சியால இடிச்சு, ஒரு தடவ சுடறதுக்குள்ள ஒரு நிமிஷம் ஆயிடும். இத வச்சிக்கிட்டு யாரு யார சுடப் போறா?"

அவருக்குச் சாத்தூர் பக்கம். கருமருந்து வாசனை என்றாலே அவருக்குத் தீபாவளிதான். இங்கே ஆலையில் உடன் வேலை பார்க்கும் ஒருவர் அவரை ஒரு கூட்டத்துக்கு அழைத்துப் போயிருந்தார். இருநூறு வருடங்களுக்கு முன் வேட்டைக்காரர்களும் தோல் வியாபாரிகளும் காட்டில் ஒன்றுகூடிச் சந்தை நடத்தினார்களே, அதைப் போலவே இன்றும் நடத்துகிறவர்கள் அவர்கள். ரான்டேவூ என்று பெயர். அந்தக் காலத்து உடை, துணிக்கூடாரம், விறகடுப்பு, குழல் வாயில் மருந்து இடிக்கும் துப்பாக்கி. பிளாஸ்டிக் கண்ணில் படக் கூடாது. கார்களை மேட்டுக்கு அந்தப்பக்கம் மறைத்து நிறுத்த வேண்டும்.

முதல் கூட்டத்துக்கு நான் வேண்டாவெறுப்பாகப் போனேன். அன்று மாலை மழை பிடித்தது. பாதிக் கூடாரங்கள் குளத்துக்குள் நின்றன. மழைநீர் வடிகால் வடிவமைப்பதுதான் என் உத்தியோகம். "தண்ணி இங்கதான் வரும்னு பாத்தாலே தெரியுதே, இதுல யாராவது டென்ட் போடுவாங்களா?" என்று கணவரிடம் முணுமுணுத்தேன். அவர் அதை அப்படியே இங்கிலீஷில் மொழிபெயர்த்து முகாம் தலைவரிடம் சொல்லிவிட்டார். தலைவர் பிளம்பர். தாடி நெஞ்சுவரை இருக்கும். நனைந்த தொப்பியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "அடுத்த இடத்தை நீங்கள் தேர்ந்தெடுங்கள்" என்றார்.

அப்படித்தான் ஈரோட்டுக்காரியான நான் டெக்சாஸ் வேட்டைக்காரர்களுக்கு இடம் பார்த்துக் கொடுப்பவள் ஆனேன்.

அந்த வருடம் மே மாதத்தில் தலைவரும் கணவரும் நானும் ஆஸ்டினுக்கு மேற்கே மூன்று இடங்களைப் பார்த்தோம். முதல் இடம் ஓடைக்கரை. பச்சைப் புல், சமதரை, காலடியில் தெளிந்த தண்ணீர். தலைவருக்கு அங்கேயே படுத்துவிடலாம் போலிருந்தது. நான் ஒரு மரத்தைக் காட்டினேன். என் தலைக்கு மேலே, கிளைப் பிரிவில், காய்ந்த சருகும் ஒரு குழந்தைச் செருப்பும் சிக்கியிருந்தன. "வெள்ளம் வந்து வைத்துவிட்டுப் போனது" என்றேன். இருவரும் அண்ணாந்து அந்தச் செருப்பையே பார்த்தார்கள். அதன்பின் அங்கே யாரும் நிற்கவில்லை.

இரண்டாவது இடம் குன்றின் உச்சி. காற்று நன்றாக வந்தது. ஆனால் ஒரு சாண் மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புப் பாறை. முளைக்குச்சி அடித்தால் குச்சிதான் மடங்கியது.

மூன்றாவது இடத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவ்வளவு நன்றாக இருந்தது. ஓடையிலிருந்து இரண்டு ஆள் உயரத்துக்கு மேலே ஒரு மேட்டுப் படுகை. மெல்லிய சரிவு. குண்டுகள் போய்ப் பதிய வடக்கே ஒரு மண்குன்று. நடுவே ஏழு பெரிய பீக்கன் மரங்கள், வாதுமை போல ஓட்டுக்காய் காய்ப்பவை. நான் நிலத்துக்காரியிடம் வெள்ளம் எதுவரை ஏறியிருக்கிறது என்று கேட்டேன். அவளுக்கு அறுபது வயதிருக்கும். மாடு வளர்ப்பவள். வாசல் கம்பியில் கையை ஊன்றிக்கொண்டே, தன் மாமனார் காலத்திலும் படுகைக்குத் தண்ணீர் வந்ததில்லை என்றாள். செவ்வெறும்புப் புற்றுகள் எங்கே, கழிப்பிடத்தை எங்கே ஒதுக்கலாம், வண்டி எப்படித் திரும்பும், எல்லாம் கேட்டேன். அவளும் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். என் குறிப்பேட்டில் அந்தப் பக்கம் முழுக்க டிக் அடித்திருந்தேன்.

அக்டோபரில் கூட்டம். எங்கள் ஊர் மீனாட்சி கோயிலில் பழக்கமான ஒரு தோழியையும் அவள் கணவரையும் அழைத்திருந்தேன். அவள் சென்னைக்காரி, என்னைவிட நாலைந்து வயது இளையவள். "அக்கா, நான் கேம்பிங்லாம் போனதே இல்ல, பாத்ரூம் இருக்குமா?" என்று போனிலேயே பத்து முறை கேட்டாள். என்ன உடுத்துவது என்று கவலைப்பட்டாள். தலைவரிடம் கேட்டேன். புடவை அந்தக் காலத்திலும் இருந்ததுதானே, தாராளமாக வரட்டும் என்றார். கைத்தறிப் புடவையும் பித்தளைத் தூக்கில் புளியோதரையுமாக வந்து இறங்கினாள்.

இரண்டு நாள் முன்பு அங்கே நல்ல மழை பெய்திருந்தது. படுகையில் ஒரு சொட்டு நிற்கவில்லை. வந்தவர்கள் எல்லாம் தரையைக் காலால் மிதித்துப் பார்த்து என்னைப் பாராட்டினார்கள். நானும் வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன். விருந்தாளிகளுக்கென்று, இருப்பதிலேயே பெரிய பீக்கனின் அடியில், நானே கை காட்டிக் கூடாரம் போடச் சொன்னேன்.

"அக்கா, இது ஏசி மாதிரி இருக்கே!" என்றாள் தோழி.

சனிக்கிழமை. சாப்பாடு முடிந்து எல்லோரும் குன்றடியில் சுடும் போட்டியைப் பார்க்கப் போயிருந்தார்கள். தோழியின் கணவர் கூடாரத்துக்குள் படுத்துவிட்டார். நான் எங்கள் அடுப்பில் காப்பி போட்டுக்கொண்டிருந்தேன். தூரம் முப்பது அடி இருக்கும். தோழி பித்தளை டம்ளரை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். "அவர் தூங்கிட்டாரு. குறட்டை இங்கயே கேக்குது பாருங்க" என்றாள்.

காற்று இல்லை. இதை நான் எத்தனையோ பேரிடம் சொல்லிவிட்டேன். யாரும் நம்பவில்லை. அடுப்புப் புகை நூல் பிடித்தாற்போல மேலே போய்க்கொண்டிருந்தது.

ஒரு வெடிச்சத்தம் கேட்டது. காலையிலிருந்து வெடிச்சத்தம்தானே, நான் திரும்பவில்லை. ஆனால் அது குன்றின் பக்கமிருந்து வரவில்லை. தலைக்கு மேலே இருந்து வந்தது. பிறகு இலைகளின் பெரிய இரைச்சல், லாரியிலிருந்து ஜல்லி கொட்டுவது போல. தரை என் உள்ளங்காலில் அதிர்ந்தது. திரும்பிப் பார்த்தபோது கூடாரம் இருந்த இடத்தில் ஒரு பச்சைப் புதர் இருந்தது. எங்கிருந்து வந்தது இந்தப் புதர் என்றுதான் முதலில் நினைத்தேன். கண் பார்த்ததை மனம் வாங்கிக்கொள்ளவில்லை.

தோழி டம்ளரை இன்னும் நேராகவே பிடித்திருந்தாள்.

"அக்கா," என்றாள் மெதுவாக. "டென்ட் எங்க?"

நான் ஓடவில்லை. எழுதவே கூசுகிறது. வேலைத்தளத்தில் பள்ளம் சரிந்தபோது முதலில் குதித்தவள் நான். அன்று என் கால்கள் மண்ணில் முளைத்துவிட்டன. அவள்தான் அலறிக்கொண்டு ஓடினாள், புடவை தடுக்கி விழுந்து, எழுந்து, மறுபடி ஓடினாள். அந்த அலறலில்தான் எனக்குக் கால் வந்தது.

கிளை என் இடுப்பளவு தடிமன். முறிந்த இடம் வெள்ளை வெளேரென்று ஈரமாக இருந்தது. உளுத்துப்போகவில்லை, காயவில்லை. ஒவ்வொரு கொத்திலும் பச்சைக் காய்கள். இருவரும் இலைகளுக்குள் தலையை விட்டுக் கூப்பிட்டோம். பதில் இல்லை. குன்றடியில் ஊதுகொம்பை ஊதிச் சுடுவதை நிறுத்தினார்கள். ஆட்கள் ஓடி வந்தார்கள். என் கணவரின் முகமெல்லாம் மருந்துக் கரி. ஒருவர் முகாமில் இருந்த பழைய இரட்டைப்பிடி ரம்பத்தைத் தூக்கி வந்தார். தலைவர் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, "என் வண்டியில் மோட்டார் ரம்பம் இருக்கிறது, ஓடு!" என்று கத்தினார்.

அந்த ரம்பம் வருவதற்குள் துணிக்கு அடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"என் கண்ணாடி எங்க?"

தோழி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "இருக்காரு. அக்கா, இருக்காரு" என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

கூடாரத்தின் முகட்டுக் கட்டை கிளையை ஒரு முழ உயரத்தில் தாங்கியிருந்தது. அந்த ஒரு முழத்துக்குள் அவர் கிடந்தார். தோள்பட்டை எலும்பும் கணுக்காலும் முறிந்திருந்தன. பக்கத்துக் கூடாரத்துப் பெண் நர்ஸ். பாசிமணி கோத்த தோல் உடையோடு மண்டியிட்டு அவர் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, யாரையும் தொட விடவில்லை. ஆம்புலன்ஸ் வந்து அவரை ஏற்றினார்கள். தோழி கூடவே ஏறினாள்.

நாங்கள் பின்னால் காரில் கிளம்புவதற்குள் நிலத்துக்காரி வந்துவிட்டாள். கிளையைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். ஒரு கொத்தை உடைத்து என் கையில் வைத்தாள். கை தாழ்ந்தது.

"அக்டோபரில் இவை கனத்துப்போகும். மழையும் பெய்தால் இன்னும் கனம். காற்றே வேண்டாம், தானாக முறியும். இந்த மாதத்தில் நான் மாட்டைக்கூட இதன் அடியில் கட்ட மாட்டேன்."

"மே மாதத்தில் நான் உங்களிடம் அவ்வளவு கேட்டேனே," என்றேன்.

"நீ தண்ணீரைப் பற்றிக் கேட்டாய்," என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. "நான் தண்ணீரைப் பற்றிச் சொன்னேன். நீங்கள் வெயிலில் கூடாரம் போடுவீர்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். நேற்று டவுனுக்குப் போனவள் இப்போதுதான் திரும்பினேன், இல்லையென்றால் வந்து சொல்லியிருப்பேன்."

கணவர் காரை ஓட்டினார். நான் அந்தக் கொத்தைக் கையிலேயே வைத்திருந்தேன் என்பதை ஃப்ரீவே வந்த பிறகுதான் கவனித்தேன். ஓடைக்கரையில் அண்ணாந்து பார்த்து, வெள்ளம் விட்டுப்போன செருப்பைக் கண்டுபிடித்தவள் நான். இந்த மரங்களையும் அண்ணாந்து பார்த்திருக்கிறேன். நிழல் என்று மட்டும் பார்த்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் தோழி தனியாக உட்கார்ந்திருந்தாள். புடவையில் மண். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அந்த எடத்த நீங்கதான காட்டினீங்க?" என்றாள்.

"ஆமா."

"நல்ல எடம்னு சொன்னீங்க."

"சொன்னேன். பாத்துட்டுதான் சொல்றேன்னு நெனச்சேன். என்னை மன்னிச்சிரு."

அவள் என்னைப் பார்க்கவில்லை. "இப்ப எனக்கு உங்க மேல கோவப்படக்கூட தெம்பு இல்லக்கா. அவர் சர்ஜரி முடிஞ்சு வரட்டும். அப்பறம் கோவப்படறேன்."

சொன்னபடியே கோபப்பட்டாள். அவரை வீட்டுக்கு அழைத்து வந்த பிறகு ஒரு மாதம் என் போனை எடுக்கவில்லை. நான் ரசமும் பொரியலும் செய்து கொண்டுபோய் அவர்கள் வாசலில் வைத்துவிட்டு வருவேன். பாத்திரங்கள் கழுவி, துடைத்து, அதே வாசலில் இருக்கும். ஒருநாள் கதவைத் திறந்தவர் அவள் கணவர், கையிலும் காலிலும் கட்டோடு. "உள்ள வாங்க. ரசத்துல கொஞ்சம் உப்பு கம்மி. அத சொல்லத்தான் ரெண்டு வாரமா வெயிட் பண்றேன்" என்றார். அவள் அடுக்களையைவிட்டு வெளியே வரவில்லை. ஆனால் எனக்கும் சேர்த்துத்தான் காப்பி கலந்தாள். பழைய நெருக்கம் திரும்பிவிட்டது என்று சொல்ல மாட்டேன். கோயிலில் பார்த்தால் பேசுகிறோம். மரத்தடியில் கார் நிறுத்த இடம் இருந்தால் அவள் இன்னும் ஒரு சுற்றுச் சுற்றி வெயிலில்தான் நிறுத்துகிறாள்.

இடம் பார்க்கும் வேலையை விட்டுவிடுகிறேன் என்று தலைவரிடம் சொன்னேன். அவர் சமாதானம் சொல்லவில்லை. "நானும்தான் அங்கே நின்றேன். என் கண்ணும் திறந்துதான் இருந்தது. இனி அந்தத் தவற்றைச் செய்யாத ஆள் ஒருத்தர் எனக்கு வேண்டும்" என்றார். கணவரும் சொன்னார், "நீ வரலேன்னா நான் துப்பாக்கிய வித்துடறேன். நீ இல்லாம எனக்கு அங்க தூக்கம் வராது." ஒரு மாதம் யோசித்துவிட்டுப் போனேன்.

இப்போது குறிப்பேட்டை நான் முதலில் திறப்பதில்லை. நிலத்துக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன்: இந்த நிலத்தில் நீங்கள் எந்த இடத்தில் படுக்க மாட்டீர்கள், எந்த மாதத்தில்? கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்கிறேன். எத்தனை சொல்கிறார்கள் தெரியுமா! இடி எந்த வேலியில் இறங்கும், பாம்பு எந்தப் பாறையில் வெயில் காயும், எந்தக் குட்டையின் கரை மாடு ஏறினாலே சரியும். கேட்கக் கேட்க எனக்குத் திகில்தான். இதெல்லாம் தெரியாமல் இத்தனை கூட்டங்களை எப்படி நடத்தினோம்?

அடுத்த வசந்தத்தில் நான் தேர்ந்தெடுத்த சரிவில் ஒரு மரம்கூடக் கிடையாது. வெயிலுக்கு எல்லோரும் துணிப்பந்தல் கட்டிக்கொண்டார்கள். முனகல் காதில் விழுந்தது, கேட்காதவள் போல நடந்தேன். மதியம் பார்த்தால், புதிதாய் வந்த ஒரு ஆள், நல்ல உயரம், சரிவுக்கு அப்பால் வேலியோரத்து ஓக் மரத்தின் கீழே கூடாரத்தை மாற்றிக்கொண்டிருக்கிறார். இரண்டு முளை அடித்தாயிற்று.

நான் ஓடினேன். இந்தத் தடவை கால் நின்றுவிடவில்லை. "எடுங்க! மொதல்ல எடுங்க அத!" என்று கத்தினேன், தமிழில். குனிந்து முளையை நானே பிடுங்கினேன். அவர் சுத்தியலோடு என்னை அதிர்ந்து பார்த்தார். பிறகு தலைக்கு மேலே பார்த்தார். ஒரு கேள்வி கேட்காமல் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். இருவருமாகக் கூடாரத்தை வெயிலுக்குத் தூக்கி வந்தோம்.