மாஸ்டர் கேட்டு வாங்கிய தடை

அர்த்தநாரிக்குப் பீடி பழகியது சாமளாபுரத்தில், தறி ஓட்டிய இளவயதில். பிறகு திருப்பூருக்கு வந்து, அவிநாசி ரோட்டில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் ஆனார். எத்தனை துணியை அடுக்கி வெட்டினாலும் ஓரம் பிசகாத கை. ஆனால் அந்தக் கைக்கு அடிக்கடி பீடி வேண்டும். பஞ்சும் துணியும் கிடக்கிற இடத்தில் பற்றவைக்க முடியுமா? கேட்டைத் தாண்டி டீக்கடைக்கு ஓடுவார். 2008-இல் பொது இடத்தில் புகைக்கக் கூடாது என்று தடை வந்ததும், டீக்கடைக்காரரும் இங்கே வேண்டாம் என்று கும்பிடு போட்டுவிட்டார். அதன்பின் கடைக்குப் பின்னால் சீமைக்கருவேல மரங்களுக்கு நடுவே நின்று, முள் கிழிக்கக் கிழிக்க இழுத்துவிட்டு வருவார்.

அடுத்த வருடம் ஹாங்காங் போய்வந்த, கம்பெனியின் வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் பிரபாகர் அவருக்கு ஒரு மின்சார சிகரெட் கொண்டுவந்து கொடுத்தான்.

“பேட்டரியில ஓடறதுங்க மாஸ்டர். நெருப்பும் இல்ல, சாம்பலும் இல்ல. நிகோடின் கலந்த ஆவிதான் வரும்.”

மாஸ்டருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பீடிக்கட்டைத் தூக்கி எறிந்தார். பீடியை எடுத்தாலே வாசலுக்குத் துரத்தும் மனைவி தெய்வாத்தாள்கூட, “புதினாத் தொவையலாட்டம் வாசம் வருதுங்க” என்று சிரித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு வீட்டுக்குள் உட்கார்ந்து முழு சீரியலும் பார்த்தார்.

கம்பெனியில் விதிமுறைகளைக் கவனிக்கும் ஆபீசர் பிரிசில்லா பிடித்துக்கொண்டாள். “உள்ள புகை பிடிக்கக் கூடாதுன்னு தெரியாதுங்களா மாஸ்டர்?”

“புகை எங்கீங்க அம்மிணி? நெருப்பு எங்கீங்க?”

அவள் சுவரில் இருந்த போர்டைப் படித்தாள். பீடி, சிகரெட், தீப்பெட்டி என்றுதான் இருந்தது. “இதுக்கு ரூல் இல்லீங்களே” என்று தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டாள்.

ஓவர்லாக் தையல் மிஷினில் இருந்த ஆரோக்கியராஜ் அப்போதுதான் கல்யாணமாகி, சிவகங்கைப் பக்கமிருந்து வந்தவன். வெற்றிலைகூடப் போடாதவன். “மாஸ்டரண்ணே, ஒரே ஒரு இழுப்பு” என்று வேடிக்கையாக ஆரம்பித்தான். பிறகு டீ நேரம் தவறாமல் வந்து நின்றான். மாஸ்டரும் பெருமையாகக் கொடுத்தார்.

ஒருநாள் பேட்டரி படுத்துவிட்டது. ஊரில் எங்கும் வேறு கிடைக்கவில்லை. பல்லைக் கடித்துப் பார்த்துவிட்டு, மாஸ்டர் பீடி வாங்கிக்கொண்டு பழையபடி முள்மரங்களுக்குள் நுழைந்தார். அங்கே ஆரோக்கியராஜ் நின்று பீடி இழுத்து இருமிக்கொண்டிருந்தான்.

“அந்தப் புதினா வாசம் இதுல இல்லண்ணே. ஆனா இழுக்காம இருக்க முடியலையே!”

மாஸ்டருக்குத் திக்கென்றது. தன்னைப் பீடியிலிருந்து இழுத்துவந்த சாமான், இவனைப் பீடிக்குக் கூட்டிவந்துவிட்டதே! கையிலிருந்ததைப் பற்றவைக்காமலே போட்டு மிதித்தார். “வாடா கண்ணு” என்று அவன் தோளில் கைபோட்டு, நேரே பிரிசில்லாவின் முன்னால் போய் நின்றார்.

“அம்மிணி, மின்சார சிகரெட்டும் கூடாதுன்னு அந்தப் போர்டுல எழுதிப் போடுங்க.”

“ஏனுங்க மாஸ்டர்? உங்குளுதாச்சே?”

“எம்படதுதானுங்க. பேட்டரி வந்தா மறுபடியும் தூக்கீருவேன். அதனாலதான் கேக்கறேன். மொதல்ல எழுதுங்க.”

அவள் சிரிப்பை அடக்க முடியாமல் பேனாவை எடுத்தாள்.

இருவரும் ஒன்றாகவே விட்டார்கள். ஆரோக்கியராஜ் சீக்கிரம் தேறினான். மாஸ்டர் பட்ட பாடு சொல்லி மாளாது. சாக்பீஸை வாயில் வைத்தார். காரணமில்லாமல் கத்தரிக்கோலோடு சண்டை போட்டார். ஒருதரம் மனம் சறுக்கி, பேட்டரி படுத்ததையும் மறந்து, வீட்டில் அந்த மின்சார சிகரெட்டைத் தேடினார். தெய்வாத்தாள் அதை மூலனூரில் இருக்கும் தன் அண்ணன் வீட்டுக்கே கொடுத்தனுப்பியிருந்தாள். வாய் நமநமக்கும்போதெல்லாம் கடலை மிட்டாய், முறுக்கு, தேங்காய் பர்பி என்று அரைத்துத் தள்ளினார்.

பொங்கலுக்குள் பழக்கம் சுத்தமாக விட்டுப்போனது. ஆனால் எல் சைஸ் பனியன் எதற்குள்ளும் அவரால் நுழைய முடியவில்லை. தனக்கென்று டபுள் எக்ஸ்எல்லில் வெட்டிக்கொண்டார். தைத்துக் கொடுத்த ஆரோக்கியராஜ் கழுத்தை மட்டும் கொஞ்சம் தாராளமாக விட்டிருந்தான்.